பழம் பத்திரிகைகளும் அக்கரைச் சீமை வாழ்க்கையும்
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அக்கரைச் சீமை சென்று மீண்ட நம் குடும்பங்களின் வரலாற்றைத் தொகுத்து நூலாக்க இச்சங்கம் துணிந்திருப்பதும், அதன்பொருட்டு இளைஞர் சிலர் கணினியின்முன் அமர்ந்து பழம் பத்திரிகைகளைத் தேடிவருவதும் தாங்கள் அறிந்தனவே. அவ்வாறு தேடுவோர் எங்ஙனம் தேடுதல் வேண்டும், கிடைத்ததனை எத்துணை நம்பலாம், கிடையாததுபற்றி யாது சொல்வது என்பன குறித்துச் சிறிது பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தனர். யாம் பள்ளியில் தமிழ் கற்பிப்போமேயன்றிச் சரித்திர ஆசிரியர் அல்லேம். ஆயினும், ஏடெழுதுவோர் பிழையைக் கண்டு உண்மைப் பாடத்தைத் தேரும் பயிற்சி தமிழ் கற்றார்க்குப் புதிதன்று. இன்று கணினி செய்யும் பிழையும் ஏடெழுதுவோர் செய்த பிழையும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தனவே. அவ்வொரு துணிவுபற்றியே தங்கள்முன் நிற்கின்றோம்.

சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தார் 2009ஆம் ஆண்டு முதல், தம் நாட்டில் வெளிவந்த பத்திரிகைகளை ஒளிப்படமாக்கி, எவரும் காணுமாறு இணையத்தில் வைத்து வருகின்றனர். 1845இல் தோன்றிய ‘ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ்’ முதலாகப் பல பத்திரிகைகள் அங்கே உள. அவற்றுள் பெரும்பகுதியை நம் இல்லத்திலிருந்தே படிக்கலாம். முன்னாளில் கப்பலேறிச் சென்று, நூலகத்தாரின் அனுமதி பெற்று, நுண்படச் சுருளைக் கையால் சுழற்றிக் கண்கெடப் படிக்கவேண்டியிருந்தது. இன்று திண்ணையில் அமர்ந்து படிக்கின்றோம். இது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை.

பத்திரிகை என்றவுடன் போரும் பட்டாபிஷேகமும் கவர்னர் பேச்சுமே நினைவுக்கு வருகின்றன. அவை சரித்திர நூல்களில் முன்னரே ஏறிவிட்டன. மக்கள் எவ்வாறு உண்டார்கள், எதனை உடுத்தார்கள், எந்நோய்க்கு அஞ்சினார்கள் என்று அறிய விரும்புவோர், பத்திரிகையின் முகத்தைப் பாராமல் அதன் மடியைப் பார்த்தல் வேண்டும். சந்தை விலைப் பட்டியல், கப்பல் வரவு செலவு, ஏலச் செய்தி, காணாமற்போன பொருள் பற்றிய அறிவிப்பு, நகரசபை விதித்த நிபந்தனை, போலீஸ் கோர்ட்டுச் செய்தி, ஆசிரியர்க்கு எழுதிய கடிதம் ஆகிய இவையே அம்மடி. அச்சடித்தவர் இவற்றை நாளைக்குப் பயன்படுமென்று எண்ணி அச்சடித்தாரல்லர். மறுநாள் பொட்டலங் கட்டவே அத்தாள் பயன்படுமென்று அறிந்திருந்தார். அதனாலேயே இவற்றில் பாசாங்கு குறைவு.

விலைப் பட்டியலைப் படிக்கச் சிறிது பயிற்சி வேண்டும். அந்நாட்டு அளவை பிக்கலும் காட்டியும் ஆகும். 100 காட்டி ஒரு பிக்கல். ஒரு காட்டி ஒன்றேகால் இராத்தலினும் சற்று மிகுதி. நாணயமோ டாலரும் சென்டும். 1906 முதல் அந்த டாலர் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என நிலைநிறுத்தப்பட்டது. நம் வீட்டுக் கணக்குகளோ ரூபாயிலும் அணாவிலும், பிரபவ முதலிய வருஷப் பெயர்களிலும் உள்ளன. இவ்விரண்டினையும் ஒருங்கே வைத்துப் படிக்கத் தெரிந்தவர்க்கே பத்திரிகை வாய் திறக்கும்.

இனித் தேடுதல் என்பதன் இயல்பைக் கூறுவோம். நாம் ஒரு சொல்லை இட்டவுடன் கணினி பழைய தாளைப் பார்த்து விடை சொல்லுகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். அஃதன்று. தாளின் படத்தைக் கணினி முன்னரே ஒருமுறை படித்து, தனக்குத் தோன்றியவாறு சொற்களை எழுதி வைத்திருக்கின்றது. நாம் தேடுவது அந்தப் படியெடுப்பையே. மை பரவியிருந்தாலும், தாள் மடிந்திருந்தாலும், நுண்படம் மங்கியிருந்தாலும், அது ஓரெழுத்தைப் பிறிதோரெழுத்தாகக் கொள்ளும். ஆங்கிலத்தில் ‘ஆர்’ என்பதும் ‘என்’ என்பதும் நெருங்கி நின்றால் ‘எம்’ என்று படித்துவிடும். 2009இல் சைமன் டேனர் முதலியோர், பிரிட்டிஷ் நூலகத்துப் 19ஆம் நூற்றாண்டுப் பத்திரிகைத் தொகுதியை ஆராய்ந்து ஒரு கணக்கு வெளியிட்டனர். 100 சொற்களில் 78 சொற்களையே அந்நாட் கருவி பிழையறப் படித்திருந்தது. பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்களில், அதாவது ஆட்பெயர் ஊர்ப்பெயர் முதலியவற்றில், 100க்கு 63.4 மட்டுமே சரி. எண்களில் 64.1. அன்பர்களே, அன்றாட வாழ்வை ஆராய்வார்க்கு வேண்டியவை பெயரும் விலையுமே. கருவி மிகுதியாகத் தடுமாறிய இடங்களும் அவையே. இன்று கருவிகள் முன்னிலும் திருந்தியுள்ளன என்பது உண்மை. எனினும், முன்னே படித்து வைத்த படியெடுப்புகள் பல இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

கருவி பிழையறப் படித்தாலும் ஒரு தடை நிற்கும். நம்மவர் பெயரை எழுதியவர் நம்மவர் அல்லர். ஆங்கில நிருபரும் குமாஸ்தாவும் தம் காதில் விழுந்தவாறு எழுதினர். செட்டியார் என்பது ‘செட்டி’, ‘சிட்டி’, ‘செட்டீஸ்’ எனப் பலவாறாயிற்று. பிள்ளை என்பது ‘பிள்ளே’, ‘புல்லே’ என்று திரிந்தது. வட்டிக்கடை விலாசங்களில் தலைப்பெழுத்தை ‘ஆனா’, ‘மூனா’, ‘ரூனா’ என ஒலித்தவாறே நீட்டி எழுதினர்; அவ்விலாசத்தில் எது ஊர், எது தந்தை, எது பாட்டன் என்பது அவர்க்குத் தெரியாது. நாகப்பட்டினம் ‘நெகப்பட்டம்’ ஆயிற்று. ‘இராமசாமி’ என்று வருமிடத்தில் அது ஒருவருடைய இயற்பெயரா, தமிழ்க் கூலியாட்களை ஏளனமாகப் பொதுப்பட அழைத்த பெயரா என்று நின்று நோக்கவேண்டும்.

இன்னும் ஒன்று சொல்ல நாணமாயிருக்கின்றது. ஆயினும் மறைத்தல் தகாது. 19ஆம் நூற்றாண்டின் ஸ்ட்ரெயிட்ஸ் பத்திரிகைகளில் தென்னிந்தியர்க்கு வழங்கிய பெயர் ‘கிளிங்’ என்பது. கலிங்கம் என்னும் நாட்டுப்பெயரின் திரிபே ஆயினும், அது நாளடைவில் இழிசொல்லாய் நின்றது. சிங்கப்பூரில் ‘கிளிங் வீதி’ என்றே ஒரு வீதியிருந்தது. இந்தியர் மனம் நொந்து முறையிட்டபின், 1920களின் தொடக்கத்தில் அது ‘சூலியா வீதி’ எனப் பெயர் மாறிற்று. ‘தமிழர்’ என்று இட்டுத் தேடும் இளைஞர்க்குக் கிடைக்கும் செய்தி சில. வையத் தகுந்த அச்சொல்லை இட்டுத் தேடினால் கிடைப்பன மிகப் பல. நம் முன்னோரைக் காணவேண்டுமாயின், அவரைப் பிறர் இகழ்ந்து அழைத்த பெயராலேயே நாமும் ஒருமுறை அழைத்தாக வேண்டியிருக்கின்றது. கண்ட செய்தியை நம் நூலில் எழுதும்போது அச்சொல்லை மேற்கோளாக மட்டும் வைத்து, நம் நடையில் அதனைப் புகவிடாதிருப்பது இளைஞர் கடன்.

கப்பற் செய்தியைப் பாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர்ந்த கப்பலில் வந்தவர் யார் யார் என்று பத்திரிகை சொல்லும். அறைகளில் வந்த துரைமாருக்கும் துரைசானிமாருக்கும் தனித்தனிப் பெயருண்டு. கப்பலின் மேல்தட்டில் வெயிலிலும் மழையிலும் கிடந்து வந்தவர்களை ‘டெக்குப் பிரயாணிகள் இத்தனை பேர்’ என்று ஓர் எண்ணால் முடித்துவிடுவர். நம் பாட்டன்மார் பெரும்பாலும் அவ்வெண்ணுக்குள் அடங்கியவர்களே. அவர்களுக்குப் பெயர் கிடைப்பது எப்போது? வண்டி மோதியபோது, கள்ளுக்கடை வாசலில் சச்சரவு நேர்ந்தபோது, முதலாளியிடம் சொல்லாமல் வேலையை விட்டுப் போனார் என்று நியாயாதிபதிமுன் நிறுத்தப்பட்டபோது. ஒழுங்காக உழைத்து, ஒழுங்காக உண்டு, ஊருக்குப் பணம் அனுப்பி, பிணியுற்று இறந்தவன் பெயர் பத்திரிகையில் ஏறாது. ஆகவே, போலீஸ் கோர்ட்டுச் செய்திகளை மட்டும் எண்ணிப் பார்த்து, அக்காலத்து நம் ஏழைகள் குடியரும் கலகக்காரருமாயிருந்தனர் என்று எழுதுவோமாயின், அது இறந்தோர்க்குச் செய்யும் பெரும் அநீதியாகும். வெளியூர்ச் சங்கமொன்றின் மலரில் இத்தகைய ஒரு கட்டுரையை அண்மையில் யாம் கண்டோம். எழுதியவர் பெயர் வேண்டா.

இவ்விடத்தில் எம் ஊர்க் குடும்பமொன்றில் நிகழ்ந்ததைச் சொல்வது பொருந்தும். அவ்வீட்டுப் பெரியவர்க்கு வயது எண்பதை அணுகுகின்றது. அவருடைய பாட்டனார் சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கடையில் கணக்கெழுதியவர். காளயுக்தி வருஷம் பங்குனி வரையில் மாதந்தோறும் பணம் வந்ததாக வீட்டுப் பேரேட்டில் வரவு காண்கின்றது. அடுத்த சித்தார்த்தி வருஷம் முழுமையும் இரண்டே வரவு. அவர் அங்கே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று பாட்டியார் நம்பினார், மக்களும் நம்பினார்கள், அவருடைய திதியைக்கூட மனமொப்பிச் செய்யாத காலமும் இருந்ததாம். பெரியவரின் பேத்தி கல்லூரியிற் பயில்பவள். அவள் முப்பாட்டனார் பெயரை ஆங்கிலத்தில் எழுதக்கூடிய வகையெல்லாம் எழுதித் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. எம்மிடம் வந்து, “ஐயா, அவர் அங்கே இருந்தாரென்பதே பொய்யோ?” என்றாள். “அம்மா, அவர் பெயரைத் தேடுவதை விடு, அவ்வாண்டின் இதழ்களை நாள்வாரியாகப் படித்துப் பார்” என்றோம்.

காளயுக்தி என்பது 1918-1919, சித்தார்த்தி 1919-1920. மலாயாவும் சிங்கப்பூரும் தமக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் தருவித்த காலம் அது. இந்தியாவில் மழை பொய்த்தமையின் பர்மா அரிசி வெளிச்செல்வதை இந்திய அரசு கட்டுப்படுத்திற்று. 1919இல் சயாம் அரசும் தன் அரிசியை வெளியே விடாது தடுத்தது. சிங்கப்பூரில் அரிசி விலை ஏறியது. அரசாங்கத்தார் விலையையும் விநியோகத்தையும் தம் கையில் எடுக்கவேண்டியதாயிற்று. அப்பெண் ஒரு மாத காலம் நாள்தோறும் இரவில் அமர்ந்து, விலைப் பட்டியல்களையும் அறிவிப்புகளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதினாள். வீட்டுப் பேரேட்டை அதன் அருகே வைத்தோம். இங்கே வரவு நின்ற மாதங்களும், அங்கே அரிசிச் செய்தி மேன்மேலும் பெருகிய மாதங்களும் ஒத்து வந்தன.

இதனால் அவர் குற்றமற்றவர் என்பது நிலைநாட்டப்பட்டதோ எனின், இல்லை. கடையில் கணக்கெழுதுவோன் ஒருவன் அவ்வாண்டு தன் வயிற்றுக்கே இடர்ப்பட்டிருத்தல் கூடும் என்பதுமட்டுமே தெரிந்தது. ஆனால் மூன்று தலைமுறையாக ஒரே காரணம் சொல்லப்பட்ட இடத்தில் இரண்டாவது காரணமும் உண்டென்றாயிற்று. பெரியவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பேரேட்டை மீண்டும் கொணரச் செய்து, வந்த அந்த இரண்டு வரவும் எந்தெந்த மாதத்தன என்று கேட்டாராம். ஒன்று ஆடி; மற்றது தை.

ஆதலின் இளைஞர்க்கு யாம் சொல்வது இதுவே: ஆளைத் தேடுமுன் நாளைப் படியுங்கள். தேடிக் கிடைத்த துணுக்கை மட்டும் வெட்டி எடுத்து வைப்பது, செய்யுளில் ஒரு சீரை மட்டும் பிடுங்கிப் பொருள் சொல்வதை ஒக்கும். அவ்விதழ் முழுமையும், இயன்றால் அவ்வாரம் முழுமையும் படியுங்கள். தேடி ஒன்றும் கிடைக்கவில்லையென்றால், ‘தேடியவாற்றால் கிடைக்கவில்லை’ என்று எழுதுங்கள். ‘நிகழவில்லை’ என்று எழுதாதீர்கள்.

தமிழ்ப் பத்திரிகைகளுக்கு வருவோம். சிங்கப்பூரில் 1887இல் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ நடத்தினார்; 1935இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ தொடங்கினார். தமிழகத்தில் ‘சுதேசமித்திரன்’ 1882இல் வார இதழாய்த் தோன்றி 1899இல் நாளிதழாயிற்று. இவற்றில் நம் மக்களின் பேச்சும் வழக்கும் அணுக்கமாக உள்ளன. ஆனால் தமிழ் எழுத்தைப் படிப்பதில் கணினி படும் பாடு பெரிது. 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்கு முன்னைய ணை, லை, ளை, னை என்பனவும், ணா, றா, னா என்பனவும் வேறு வடிவின. ௧ என்னும் தமிழ் எண் ஒன்று, க என்னும் உயிர்மெய்யோடு உருவில் ஒத்தது. ‘௧ ரூபாய்’ என்பதைக் கணினி எவ்வாறு கொண்டிருக்கும் என்பதைத் தாங்களே ஊகிக்கலாம். வருஷத்திற்கு ௵, மாதத்திற்கு ௴, தேதிக்கு ௳, ரூபாய்க்கு ௹, மேற்படிக்கு ௸ என்னும் குறிகளை இக்காலப் பிள்ளைகள் கண்டதே இல்லை. தேதிவாரியாகப் பக்கத்தைப் புரட்டிக் கண்ணால் படிப்பதே தமிழ்ப் பத்திரிகைக்கு இன்றும் நம்பத்தக்க வழி என்பது எம் கருத்து.

சொல்லும் மாறியிருக்கின்றது. ‘காலரா’ என்று தேடினால் அகப்படாதது ‘வாந்திபேதி’ என்றும் ‘விஷபேதி’ என்றும் தேடினால் அகப்படும். அம்மை நோய் ‘வைசூரி’யாக இருக்கும். மிதிவண்டியைத் ‘துவிச்சக்கர வண்டி’ என்றனர். சோப்பு ஒருவர்க்குச் சவுக்காரம். மண்ணெண்ணெய் ஒருவர்க்குக் கிரசினாயில். நம் பண்டையோர் திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் செய்து, ஒரு பொருட்குப் பல பெயர் தொகுத்தனர். யானைக்கும் தாமரைக்கும் எத்தனை பெயரென்று நாம் மனப்பாடம் செய்தோம். தீப்பெட்டிக்கும் விளக்குக்கும் நூறாண்டில் வழங்கிய பெயர்களைத் தொகுத்தாரில்லை. அத்தகைய நிகண்டொன்றை நம் இளைஞர் இப்பணியினூடே தொகுப்பாராயின், நூல் முடியுமுன்னே அது பயன்தரும். இங்கு அமர்ந்திருக்கும் தாய்மார்களே அதற்குச் சிறந்த ஆசிரியர்கள்.

விளம்பரத்தைக் குறித்து ஒரு சொல். பத்திரிகையில் தைல விளம்பரமும் கடிகார விளம்பரமும் மலிந்திருப்பதனால் வீடுதோறும் தைலமும் கடிகாரமும் இருந்தன என்று கொள்ளற்க. விற்கவேண்டும் என்று ஒருவன் விரும்பினான் என்பதே விளம்பரம் சொல்லும் செய்தி. வாங்கினார்களா என்பதற்கு வீட்டுக் கணக்கைப் பார்க்கவேண்டும்.

போர்க் காலத்து இதழ்களிலும் எச்சரிக்கை வேண்டும். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானபின், ஊரின் பெயரையே ‘சியோனான்’ என மாற்றி, அப்பெயராலேயே ஆங்கிலப் பத்திரிகையும் நடத்தினர். அதில் ஆண்டு ஜப்பானியக் கணக்குப்படி 2602 என்று அச்சிடப்பட்டிருக்கும். பங்கீட்டு அறிவிப்பும் பொதுச் செய்தியும் அதில் உண்டு. பசியும் சிறையும் அதில் இரா. அக்காலத்தைப்பற்றிப் பத்திரிகையைவிட, மீண்டு வந்தவர் வாய்மொழியையே முதலில் நம்புக.

எண்ணிப் பார்ப்பதில் ஆர்வமுள்ள இளைஞர்க்கும் ஒன்று சொல்லவேண்டும். ஒரு சொல் எந்த ஆண்டில் எத்தனை முறை வந்தது என்று படம் வரைந்து காட்டுகின்றனர், பார்க்க அழகாயிருக்கின்றது. ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தாரின் ‘டிரோவ்’ என்னும் தொகுதியில் 1914 முதல் 1918 வரையிலான ஆண்டுகளில் கட்டுரைகள் திடீரென மலைபோல் உயர்ந்து காணும். மக்கள் அவ்வாண்டுகளில் மிகுதியாக எழுதினார்கள் என்பது காரணமன்று. முதல் உலகப் போர்க் காலத்து இதழ்களை முந்தி மின்னாக்கம் செய்யப் பணம் ஒதுக்கியதே காரணம். கனடாவில் இயன் மில்லிகன் என்பார் 2013இல் வேறொன்று காட்டினார். அந்நாட்டுச் சரித்திர ஆய்வேடுகளில் ‘டொரொன்டோ ஸ்டார்’ என்னும் பத்திரிகை 1998இல் 74 முறை எடுத்தாளப்பட்டது. 2010இல் 753 முறை. ஆய்வேடுகளின் தொகை ஏறக்குறைய ஒன்றே. இடையில் அப்பத்திரிகை கணினியில் ஏறிவிட்டது, அவ்வளவுதான். கணினியில் ஏறாத ஊர்ப் பத்திரிகைகளை ஆராய்ச்சியாளர் மறக்கத் தலைப்பட்டனர். எளிதில் கிடைப்பதே உலகம் என்றாகிவிடும் அபாயம் நமக்கும் உண்டு. சிங்கப்பூர் நூலகத்தார் செய்தமையால் சிங்கப்பூர் வாழ்க்கை தெரிகின்றது. பர்மாவிலும் மலாயாத் தோட்டங்களிலும் வாழ்ந்தவர் அதனாற் குறைந்தவர் அல்லர்.

இனி நம் வீட்டுப் பரண்களுக்கு வருவோம். கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் பெயர்ப் பலகை எழுதும் தொழிலினர். புத்தகமும் பத்திரிகையும் மட்டுமன்றி, நாடக நோட்டீசும் கலியாண அழைப்பும் கூட விடாமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தார் அத்தொகுதியைப் பெற்றனர்; 1994 முதல் அது சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாய் விளங்குகின்றது. பிறர் குப்பை என்று கழித்ததை அவர் சேர்த்தார். இன்று அறிஞர் அங்குச் சென்று வணங்கிப் படிக்கின்றனர்.

பத்திரிகைத் தாள் மரக்கூழினால் ஆயது. அதிலுள்ள புளிப்புச் சத்து தாளைத் தானே மஞ்சளாக்கி, நாளடைவில் பொடியாக்கிவிடும். ஆகவே வைத்திருந்தாலே போதும் என்றிருத்தல் கூடாது. கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். அதன் பசை தாளைத் தின்னும். மடிப்பை வலிந்து பிரியாதீர்கள். வெயிலில் உலர்த்தாதீர்கள். பழைய தாள் நிறுத்து வாங்குவோரிடம் போடுமுன் எமக்கு ஒருமுறை சொல்லியனுப்புங்கள்; யாமே வந்து பார்ப்போம்.

அடுத்த கூட்டத்திற்கு வருவோர், தம் வீட்டுப் பேரேடுகளில் காளயுக்தி, சித்தார்த்தி, ரௌத்திரி வருஷத்துப் பக்கங்கள் உண்டாயின் அவற்றைத் துணியிற் சுற்றி எடுத்து வருக. முத்திரையும் தேதியும் தெரியும்படி உறையோடு வைத்த கடிதங்களும் வரலாம். பழைய குறிகளைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருவர் மாலை 4 மணி முதல் இருக்க இசைந்துள்ளனர். இளைஞர் படம் பிடித்துக்கொண்டு, மூலத்தை அன்றே திருப்பித் தருவர்.